வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மூலிகை மாத்திரையும் சாப்பிடலாமா?

பால்மரத்து மகள்:
மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், விற்கும் மஞ்சள் கேப்சூலை மூட்டுவலிக்கு நல்லதென்று நேற்று ஒருவர் இங்கே புகழ்ந்திருந்ததால் இதை எழுதுகிறேன். தோட்டத்தில் பால்மரம் சீவிய என் அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருக்கிறார்கள். மிளகுச் சத்து சேர்த்த அந்தக் கேப்சூலை அவர் யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் விழுங்கினார். ஒரு நாள் காலையில் பல் துலக்கித் துப்பிய நுரை சிவப்பாக இருந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலேயே முழங்கை முதல் மணிக்கட்டு வரை கன்றிப்போயிருந்தது. இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும்; அன்று 6.2. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் போன்ற மூலிகை எதையும் தொடவே கூடாது.

லயத்து வைத்தியம்:
உங்கள் அப்பா பிழைத்துக்கொண்டது நிம்மதி, சகோதரி. ஆனால் மஞ்சளையும் பூண்டையும் இஞ்சியையும் ரசத்திலும் குழம்பிலும் சாப்பிட்டு வளர்ந்த நம்மிடம், அவற்றை நஞ்சைப் போலப் பேசுவது சரியில்லை. கீரையே கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு என் அம்மா முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தினார். அடுத்த சோதனையில் அவருடைய ஐ.என்.ஆர். ஏறித்தான் இருந்தது. மூலிகையைப் பற்றி வாய் திறந்தாலே திட்டு விழும் என்றால், பெரியவர்கள் மறைக்காமல் என்ன செய்வார்கள்?

மருந்தகத்தில் இருந்தவன்:
அம்மாவுக்கு நடந்ததற்குக் காரணம் இருக்கிறது, ஐயா. இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும்; அதன் வேலையைத் தடுப்பதுதான் வார்ஃபரின். முருங்கைக்கீரையில் அந்த வைட்டமின் நிறைய உண்டு என்பதால், வழக்கமாகச் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் அதே மாத்திரை அளவு அவருக்கு மிகுந்துவிடுகிறது. ஒரே அளவாகச் சாப்பிட்டு வந்தால் கீரையை விலக்கத் தேவையில்லை. குழம்பில் போடும் மஞ்சளும் அப்படியே. கேப்சூல் வேறு: அதில் மஞ்சளின் சத்தான குர்குமின் செறிவாக இருக்கிறது, மிளகின் பைப்பரின் அதை உடலில் இன்னும் அதிகமாகச் சேர்க்கிறது. வார்ஃபரின் சாப்பிட்டுவந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டியதாக 2018-இல் நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான மெட்சேஃப் எச்சரித்தது. சீனமருந்துக் கடையில் கிடைக்கும் டான்ஷென், டோங் குவாய் என்ற மூலிகைகள் இரண்டும் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை. ஜின்செங் என்ற வேரோ வார்ஃபரினின் வேகத்தைக் குறைக்கக்கூடியது; அப்போது இரத்தம் உறைந்து பக்கவாதம் வருமோ என்பதுதான் பயம்.

லயத்து வைத்தியம்:
கேப்சூலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் மலேசிய அரசாங்கத்தின் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் உள்ளதை வாங்கினால் போதாதா?

மருந்தகத்தில் இருந்தவன்:
போதாது. பதிவு எண் இல்லாததை வாங்கவே கூடாது, ஏனென்றால் அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பதிவு எண் இருந்தால் அரசாங்கம் அந்தப் பொருளைப் பதிவு செய்திருக்கிறது என்று பொருள். உங்கள் அம்மாவின் வார்ஃபரினோடு அது ஒத்துப்போகும் என்று பொருளில்லை.

பால்மரத்து மகள்:
ஐயா, குழம்பில் போடும் மஞ்சளையும் ரசத்தையும் பொறுத்தவரை நான் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். கேப்சூலில் என் முடிவு மாறாது. திட்டு விழும் என்ற பயத்தில்தான் என் அப்பாவும் அந்தப் புட்டியை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைக் கண்டெடுத்த நாளை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

லயத்து வைத்தியம்:
அம்மா மூட்டுவலிக்குச் சாப்பிடும் லேகியத்தையும் சீனமருந்துக் கடைப் பொட்டலத்தையும், வார்ஃபரின் புத்தகத்தோடு ஒரே பையில் போட்டு வியாழக்கிழமை கிளினிக்குக்கு எடுத்துப் போகிறேன். லேகியத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை அம்மாவுக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

மருந்தகத்தில் இருந்தவன்:
எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ வியாழன்வரை காத்திருக்க வேண்டாம்; அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.