சுட்டியைப் பிரித்தால் ஹோஸ்ட் காலியாக வருகிறது, உதவி தேவை

வெள்ளாற்றங்கரை (இரவு 8:40)
வணக்கம். பழைய தமிழ் வலைப்பதிவுகளின் சுட்டிகளை நண்பர்கள் சேர்ந்து திரட்டியிருக்கிறோம். எந்தப் பதிவு யாருடைய வலைப்பூவில் இருக்கிறது என்று பிரித்து, அவை காணாமல் போவதற்குள் சேமிக்க வேண்டும். முகவரியைப் பிரிக்கும் நிரல் பாதிச் சுட்டிகளுக்குச் சரியாக ஓடுகிறது. மீதிக்கு ஹோஸ்ட், அதாவது முகவரியில் தளத்தின் பெயர், காலி. ஒரே பதிவு மூன்று நான்கு முறை வேறு வருகிறது. நாளைக் காலை பட்டியல் கொடுத்தாக வேண்டும். என்ன கோளாறாக இருக்கும்? அவசரம்.

கோடைமழை (8:47)
எந்த மொழி, எந்த லைப்ரரி? சரியாக வரும் சுட்டி ஒன்றும் காலியாக வரும் சுட்டி ஒன்றும் ஒட்டுங்கள். அவை இல்லாமல் என்ன சொல்வது?

தறிக்காரன் (8:52)
கேட்கவே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத எழுத்துதான். வாட்ஸ்ஆப்பிலிருந்து நகலெடுத்த சுட்டியின் தலையில் பூஜ்ய அகல இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். எனக்கு இதே தொல்லை வந்திருக்கிறது. சுட்டியின் நீளத்தை அச்சிட்டு, கண்ணால் எண்ணியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால் அதுதான்.

எல்லைக்கல் (9:01)
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. தேடிவிட்டுக் கேட்கும் வழக்கம் இருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். முகவரிக்கு இலக்கணம் உண்டு. ஆர்எஃப்சி 3986 என்ற இணைய விதிமுறை ஆவணம், வெளியானது 2005 ஜனவரி, எழுதியவர்களில் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் ஒருவர். ஸ்கீம் (http போன்ற தொடக்கம்), அத்தாரிட்டி (ஹோஸ்ட் இருக்கும் இடம்), பாத் (தளத்துக்குள் போகும் வழி), குவெரி (? குறிக்குப் பின் வருவது), ஃபிராக்மென்ட் (# குறிக்குப் பின் வருவது) என்று ஐந்து பகுதிகள். அதன் பின்னிணைப்பில் ஐந்தையும் பிரிக்கும் ரெகெக்ஸ்கூட (எழுத்துக் கோலத்தைத் தேடும் சூத்திரம்) அச்சாகியிருக்கிறது. அடிப்படையைப் படிக்காமல் நிரல் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும்.

வெள்ளாற்றங்கரை (9:10)
பைத்தான்தான், அதில் முகவரி பிரிக்கும் யூஆர்எல்பார்ஸ். சுட்டிகள் ஷீட்டில் பலர் போட்டவை. சிலர் முழுசாகப் போட்டிருக்கிறார்கள், சிலர் வெறுமனே வலைப்பூவின் பெயரிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். அது முக்கியமா?

கோடைமழை (9:16)
அதுதான் முக்கியம்! காலியாக வருபவை எல்லாம் பெயரிலிருந்து தொடங்குபவையாக இருக்கும், சரிபாருங்கள். இரண்டு சாய்கோடுகளுக்குப் பின்னால் வருவதைத்தான் அந்த நிரல் ஹோஸ்ட் என்று எடுத்துக்கொள்ளும். சாய்கோடு இல்லையென்றால் முழுவதையும் பாத் என்று கொள்ளும். பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் இலக்கணப்படி அதுவும் செல்லுபடியான சுட்டிதான். உலாவியின் முகவரிப் பட்டை விடுபட்டதைத் தானே இட்டுக்கொள்வதால் இது நமக்குத் தெரிவதில்லை.

ஸ்கீம் இல்லாத சுட்டிக்கு முன்னால் // சேர்த்துவிட்டுப் பிரியுங்கள். ஆனால் சுட்டிக்குள் எங்காவது :// இருக்கிறதா என்று தேட வேண்டாம். வேறொரு முகவரியைக் குவெரியில் சுமந்து வரும் சுட்டிகள் உண்டு, அவை ஏமாற்றிவிடும். தொடக்கத்தை மட்டும் பாருங்கள்.

தறிக்காரன் (9:20)
அப்படியே இருந்தாலும் மறை எழுத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஷீட் என்றால் நிச்சயம் நாலைந்தாவது இருக்கும்.

மாடிவீடு (9:24)
ஒரே பதிவு பலமுறை வருவதற்கு எளிய வழி: பாத்தில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் வருவதை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால் ஒரே பதிவு.

ஆவணப்பெட்டி (9:33)
ஐயோ, அதைச் செய்துவிடாதீர்கள். கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாக்ஸ்பாட்டில் முகவரி தலைப்பிலிருந்து உருவாகும். தலைப்பில் ஆங்கில எழுத்தே இல்லையென்றால் எடுக்க ஒன்றும் இல்லாமல் ‘பிளாக்-போஸ்ட்’ என்று போட்டு, அடுத்தடுத்ததற்கு _12, _25 என்று எண் ஒட்டிவிடும். தமிழில் தலைப்பு வைத்த பெரும்பாலானவர்களின் பதிவுகளும் இந்தப் பெயரில்தான் கிடக்கின்றன. கடைசித் துண்டை மட்டும் ஒப்பிட்டால் ஒருவரின் கவிதையும் இன்னொருவரின் சமையல் குறிப்பும் ஒன்று என்று ஆகி, ஒன்று அழிந்துபோகும். ஹோஸ்ட், ஆண்டு, மாதம், கடைசித் துண்டு எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு பதிவு.

பலமுறை வருவதற்குக் காரணம் வேறு. கைபேசியில் எடுத்த சுட்டியின் வாலில் ?எம்=1 இருக்கும். பின்னூட்டத்திலிருந்து எடுத்ததில் ஷோகமெண்ட் என்று குவெரி இருக்கும், அதற்கும் பின்னால் # போட்டு ‘சி’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும். # முதல் உள்ள பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை, எனவே இந்த வேலைக்கு அதைத் தயங்காமல் வெட்டலாம்.

ஹோஸ்டிலும் ஒன்று கவனிக்க வேண்டும். 2012 முதல் சில ஆண்டுகள் இந்தியாவிலிருந்து படித்தவர்களை பிளாக்ஸ்பாட் .காமிலிருந்து .இன்னுக்குத் திருப்பிவிட்டார்கள். 2020இல் அந்த .இன் பெயரே கூகுளின் கையைவிட்டுப் போய்விட்டது. அந்தச் சுட்டிகளைத் திறக்க வேண்டாம். .காம் என்று மாற்றினால் வலைப்பூ உயிரோடு இருக்கும்பட்சத்தில் பதிவு கிடைக்கும்.

தறிக்காரன் (9:38)
அப்படியென்றால் ? முதல் எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டியதுதானே. ஒரே வரி நிரல்.

கோடைமழை (9:41)
பிளாக்ஸ்பாட்டுக்குச் சரி. வேர்ட்பிரஸ் என்ற வலைப்பூ மென்பொருளை அமைப்பு மாற்றாமல் விட்டவர்களின் பதிவுகள் ?பி=123 என்றுதான் இருக்கும். அங்கே குவெரிதான் பதிவு. வெட்டினால் அந்த ஆளின் எல்லாப் பதிவுகளும் முகப்புப் பக்கம் என்று ஒன்றாகிவிடும்.

தறிக்காரன் (9:44)
இந்தக் காலத்தில் அப்படி யார் வைத்திருக்கிறார்கள்?

ஆவணப்பெட்டி (9:46)
இந்தக் காலத்துச் சுட்டிகளா இவை? அவர்கள் சேமிப்பதே அந்தக் காலத்தைத்தான். சொந்தப் பெயர் வாங்கி நடத்தியவர்களில் பலர் அப்படியேதான் விட்டிருந்தார்கள்.

எல்லைக்கல் (9:52)
குவெரிக்குள் என்ன இருக்கிறது என்பதற்குப் பொது விதி கிடையாது, அதைத் தளம்தான் தீர்மானிக்கிறது. எனவே வெட்ட வேண்டியவற்றின் பட்டியலை ஹோஸ்ட் வாரியாக வைத்திருக்க வேண்டும். மொத்தமாக வெட்டுவது வேலைத் திருட்டு.

தறிக்காரன் (9:55)
ஆயிரக்கணக்கான ஹோஸ்ட் இருந்தால் பட்டியல் யார் போடுவது, நீங்கள் வந்து போடுவீர்களா? விடியற்காலைக்குள் முடிக்க வேண்டிய ஆளிடம் பேசுகிற பேச்சா இது?

எல்லைக்கல் (9:58)
அவசரம் என்பதற்காகத் தவறானதைச் சரி என்று சொல்ல முடியாது. அழித்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

கோடைமழை (10:02)
இருவரும் விடுங்கள். மூலச் சுட்டியை ஷீட்டின் ஒரு பத்தியில் அப்படியே வைத்துவிட்டு, வெட்டியதை அடுத்த பத்தியில் போட்டால் போதும். பிறகு திருத்திக்கொள்ளலாம். வெள்ளாற்றங்கரை, // சேர்த்துப் பார்த்தீர்களா?

வெள்ளாற்றங்கரை (10:31)
சேர்த்தேன், காலி போய்விட்டது. மிக்க நன்றி. ஆனால் வேர்ட்பிரஸ் சுட்டிகள் சிலவற்றில் தலைப்பு பாதியில் நிற்கிறது. தமிழில் படிக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக, சுட்டியில் எழுத்துக்குப் பதிலாக வரும் % குறிகளை முதலிலேயே தமிழ் எழுத்தாக மாற்றிவிட்டுத்தான் பிரிக்கிறேன்.

எல்லைக்கல் (10:37)
முதலில் பிரிக்க வேண்டும், பிறகுதான் மாற்ற வேண்டும். ஆர்எஃப்சியே அப்படித்தான் சொல்கிறது. பெயருக்குள் இருந்த %23 என்பதை முன்கூட்டியே மாற்றினால் அது # ஆகிவிடும். பிறகு பிரிக்கும்போது அங்கிருந்து ஃபிராக்மென்ட் தொடங்குவதாக நிரல் நினைக்கும், பாத் அங்கேயே முறியும். குவெரியில் %26 இருந்தாலும் இதே கதி, & ஆகி ஒரு மதிப்பு இரண்டாக உடையும். மாற்றுவதும் ஒரே முறைதான். %2520 என்பதை ஒருமுறை மாற்றினால் %20, மறுமுறை மாற்றினால் வெறும் இடைவெளி. இரண்டும் வேறு வேறு முகவரிகள்.

ஆவணப்பெட்டி (10:45)
இன்னொன்று. பிரித்த பிறகும் சில தலைப்புகள் பாதியில் நிற்கும், அது உங்கள் நிரலின் பிழை அல்ல. யூனிகோடை எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், அதை % போட்டு எழுதினால் ஒன்பது இடம். ‘கி’ என்பதே க ஒன்று, கொக்கி ஒன்று என்று இரண்டு குறி, பதினெட்டு இடம். வேர்ட்பிரஸ் தலைப்புத் துண்டுக்கு ஒதுக்குவது 200 இடம். 22 குறியோடு வண்டி நின்றுவிடும். நீளமான தலைப்பு வைத்த பதிவுகளெல்லாம் சர்வரிலேயே அப்படித்தான் பதிவாகியிருக்கின்றன. முழுத் தலைப்பு வேண்டுமென்றால் பக்கத்தைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

வெள்ளாற்றங்கரை (11:20)
வரிசையை மாற்றினேன், சரியாகிவிட்டது. மீதியை நாளை பார்க்கிறேன்.

மாடிவீடு (11:26)
.இன் சுட்டிகளை .காம் என்று மாற்றியதில் எத்தனை இன்னும் திறக்கின்றன? பட்டியல் முடிந்ததும் இங்கே போடுங்கள், என்னிடமும் கொஞ்சம் பழைய சுட்டிகள் இருக்கின்றன, சேர்த்துக்கொள்ளலாம்.

தறிக்காரன் (மறுநாள் காலை 7:05)
மறை எழுத்து இருந்ததா இல்லையா என்று கடைசிவரை சொல்லவே இல்லையே.