அப்பாவுக்கு பிரஷர் 160/100, இந்துப்புக்கு மாறினால் போதுமா?

கொலுசுக்காரன்:
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை. அப்பா நாள் முழுக்க உலை பக்கத்தில் உட்காருகிறவர். வேர்வையில் உப்பெல்லாம் போகுது என்று சொல்லியே மோரில் கைநிறைய உப்பு, பழைய சோற்றுக்கு மாங்காய் ஊறுகாய், மதியம் அப்பளமோ கருவாடோ ஏதாவது ஒன்று. வீட்டில் மூன்று பேர்தான், ஒரு கிலோ உப்பு ஒரு மாதத்தில் காலி. இப்போது மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் செய்யாது என்கிறார்கள், மாமா வேறு சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்து வைத்திருக்கிறார். எதற்கு மாறலாம்?

அம்மாப்பேட்டை அக்கா:
தம்பி, இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. மாற வேண்டியது அளவு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன், குழம்பு ரசம் ஊறுகாய் எல்லாம் சேர்த்து. அப்படிப் பார்த்தால் மூன்று பேருக்கு ஒரு கிலோ இரண்டு மாதம் தாண்டி வரணும். உங்கள் வீட்டில் ஆளுக்கு 11 கிராம் போகுது, கடையில் வாங்கித் தின்கிறது இந்தக் கணக்கிலேயே இல்லை. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ரத்தத்தின் அளவு கூடும், குழாய்க்குள் அழுத்தம் ஏறும். வருஷக்கணக்கில் அப்படியே ஓடினால் அடி வாங்குவது மூளை, இதயம், கிட்னி. எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த ஒருவருக்கு அதுவரை தலைவலிகூட வந்ததில்லையாம்.

ஒண்டிக்கடை காபி:
ஏற்காட்டிலிருந்து. அந்தப் பாக்கெட்டைத் திறக்காதீங்க, முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்க. சோடியத்தைக் குறைத்துவிட்டு அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். நல்ல கிட்னி இருக்கிறவருக்கு அது நல்லதுதான், ஆனால் கிட்னி பழுதானவருக்கும் டெல்மிசார்டன், எனலாபிரில் மாதிரி மாத்திரை போடுகிறவருக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறலாம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அப்புறம் இந்துப்பில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை, வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அதையும் யோசிங்க.

கொலுசுக்காரன்:
அட்டையில் டெல்மிசார்டன் 40 என்றுதான் இருக்கு!! நல்லவேளை, பாக்கெட் மாமாவிடமே போகுது. ஆனால் வேர்வை கதைக்கு என்ன பதில் சொல்றது? சாயங்காலம் தட்டுவடை செட் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது.

அம்மாப்பேட்டை அக்கா:
அன்றாட வேர்வைக்குத் தண்ணீரும் மூணு வேளை சாப்பாடுமே போதும், உப்பு தனியாகப் போட வேண்டியதில்லை. மோரில் இஞ்சி, கறிவேப்பிலை, பச்சைமிளகாய் தட்டிப் போட்டு எலுமிச்சை பிழிந்து கொடுங்க. முதல் சில வாரம் சப்பென்று இருக்கு என்று சண்டை வரும், அப்புறம் நாக்கு பழகிவிடும். அப்பளத்தில் உப்பு போக அப்பளக்காரமும் இருக்கு, அதுவும் சோடியம்தான். செட்டில் தட்டுவடையிலும் உப்பு, ரெண்டு சட்னியிலும் உப்பு. கேரட் பீட்ரூட் அதிகமாக, சட்னி லேசாகத் தடவச் சொல்லி, வாரம் ஒரு நாள் வாங்கிக் கொடுங்க.

ஒண்டிக்கடை காபி:
சாப்பாட்டு மேஜையில் இருக்கிற உப்பு ஜாடியை முதலில் உள்ளே எடுத்து வைங்க. குறைத்துவிட்டோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீங்க.