நிக்கோடெமஸ் ஊர் தேய்ந்தது ரயிலாலா, மழையாலா?

திருமங்கலம் டீச்சர்:
வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்கு 'ரயில் போகாத ஊர்கள்' என்று ஒரு பலகை வைக்கிறோம். நம்ம பக்கத்துக்கு மேலூர். அமெரிக்காவுக்கு கான்சாஸ் மாநிலத்து நிக்கோடெமஸ். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் 1877-ல் உண்டாக்கிய ஊர் என்பது வரை எழுதியாச்சு. ரெண்டு சந்தேகம். ரயில் வராததால் ஊர் காலியானது என்று எழுதினால் சரியா? அங்கத்திய நிலப் பதிவில் வரும் டி8எஸ், ஆர்21டபிள்யூ என்பதை எப்படி வரைந்து காட்டுவது?

கண்மாய்க்கரை:
அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீங்க டீச்சர். ரயில் பெரிய அடிதான். 1887-ல் மிசூரி பசிபிக் ரயில் கம்பெனிக்காக ஊர் மக்கள் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டும் பாதை வரவில்லை. மறு வருஷம் இன்னொரு ரயில் கம்பெனியான யூனியன் பசிபிக்கின் பாதை சாலமன் ஆற்றுக்குத் தென்புறமாகப் போய்விட்டது. ஆறு மைல் தள்ளி போக் என்று புது ஊர் முளைத்ததும் கடைக்காரர்கள் அங்கே மாறினார்கள். கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) தலைமையிடமும் ஹில் சிட்டிக்குத்தான் அமைந்தது.

ஆனால் மேலூரைப் பக்கத்திலேயே வைக்கிறீங்களே, பிள்ளைகள் கேட்கும். 1875-ல் திருச்சி ரயில் திண்டுக்கல், சோழவந்தான் வழியாக மதுரைக்கு வந்தபோது மேலூர் விடுபட்டது. இன்று வரை ஸ்டேஷன் கிடையாது. அப்படியும் ஊர் சுருங்கவில்லை. 1895-ல் பெரியாறு அணை வந்து, பேரணையிலிருந்து பிரியும் கால்வாயில் தண்ணீர் வந்தது. கடைமடைதான், தகராறு தீராது, இருந்தாலும் நெல் விளைந்தது. திருச்சி ரோடும் ஊர் வழியே போனது. நிக்கோடெமஸில் அப்படி ஒரு கால்வாய் இல்லை. ஆண்டு மழை 500-600 மில்லிமீட்டர். அந்த மானாவாரியில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குக் காணாது. 1930-களின் வறட்சியும் புழுதிக்காற்றும் மிச்சத்தை முடித்தன.

ஆரம்பமே கஷ்டம். மரம் கிடையாது, அதனால் மேட்டுச் சரிவைக் குடைந்து, புல்வேரோடு வெட்டிய மண்கட்டியை முகப்பில் அடுக்கிக் குடியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வீடு தெரியாது, தரையிலிருந்து புகை மட்டும் வரும். அதைப் படமாகப் போடுங்க. இன்னொன்று, கறுப்பின மக்கள் பெருந்திரளாக கான்சாஸுக்கு வந்தது 1879-ல். இந்த ஊர் அதற்கு முந்தியது. நிறைய பேர் ரெண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.

சங்கிலி சர்வேயர்:
படத்துக்கு ஒரு அங்குலம் ஒரு மைல் என்று வையுங்கள். ஆறு அங்குலச் சதுரம் ஒரு டவுன்ஷிப். உள்ளே 36 கட்டம். ஒரு கட்டம் 640 ஏக்கர், அதில் கால்வாசி 160 ஏக்கர், அதுதான் குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒருவருக்குக் கிடைத்த அளவு. எண் போடுவதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். வடகிழக்கு மூலையில் 1, மேற்கே போய் 6, அதற்கு நேர் கீழே 7, திரும்பக் கிழக்கே 12. இப்படிப் பாம்பு போல வளைந்து தென்கிழக்கு மூலையில் 36.

டி என்பது டவுன்ஷிப், எஸ் தெற்கு; ஆர் என்பது ரேஞ்ச், அதாவது கிழக்கு மேற்கு வரிசை எண், டபிள்யூ மேற்கு. டி8எஸ் என்றால் 40 பாகை அட்சக்கோட்டிலிருந்து தெற்கே எட்டாவது சதுரம். அந்தக் கோடுதான் கான்சாஸின் வட எல்லையும். ஆர்21டபிள்யூ என்றால் ஆறாவது முதன்மை மெரிடியன் என்ற வடக்கு தெற்கு அளவைக் கோட்டுக்கு மேற்கே 21-வது. நம்ம சர்வே எண் கிராமத்துக்குள் மட்டும் செல்லும். இது மாநிலம் முழுக்க ஒரே கணக்கு. ஏக்கரைக் கூட்டிப் பார்த்து வித்தியாசம் வந்தால் பதறாதீங்க. தீர்க்கக் கோடுகள் வடக்கே போகப் போக நெருங்கும், சங்கிலி அளவையிலும் பிசகு வரும். கூடுதல் குறைவை வடக்கு, மேற்கு ஓரக் கட்டங்களில் தள்ளிவிடுவது வழக்கம்.

திருமங்கலம் டீச்சர்:
ரொம்ப நன்றி. அந்த நிலத்துக்கு அரசு கொடுத்த அசல் பட்டயத்தின் படம் கிடைக்குமா சார்?

சங்கிலி சர்வேயர்:
அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் ஜிஎல்ஓ ரெக்கார்ட்ஸ் தளத்தில் இலவசம். மாநிலம் கான்சாஸ், கவுன்டி கிரஹாம், பிறகு 8 தெற்கு, 21 மேற்கு என்று கொடுங்கள். பட்டயத் தேதியைக் குடியேறிய தேதியாக எழுதிவிடாதீங்க. ஐந்து வருஷம் குடியிருந்து பயிரிட்ட பிறகுதான் பட்டயம். ஏக்கருக்கு ஒன்றே கால் டாலர் கட்டி முன்கூட்டியே வாங்கியவர்களும் உண்டு, அதனால் ஐந்தைக் கழித்து ஆண்டு போடுவதும் ஆபத்து.