டிராக்ஷன் கண்ட்ரோல் இருந்தும் கெப் வாய்க்கால் கட்டில் நிற்கிறது. எல்எஸ்டி போடுவதா?

படுவான்கரையான்:

எங்கள் வயல் வவுணதீவுக்கு அங்கால், உன்னிச்சைத் தண்ணீர் பாய்கிற வட்டையில் இருக்கிறது. மாரி பிடித்துவிட்டால் கடைசித் துண்டுக்கு வாய்க்கால் கட்டுத்தான் பாதை. களித்தரை, உழவு மெசின் போன தடம் நல்ல ஆழம். பசளை மூட்டையும் ஆட்களும் அதால்தான் போகவேண்டும்.

முன்பு பழைய ஹைலக்ஸ் வைத்திருந்தோம். லீஃப் ஸ்பிரிங், இறங்கிப் போய்க் கையால் பூட்டுகிற முன் ஹப். பின் அச்சில் எல்எஸ்டி, அதாவது ஒரு சில்லு சும்மா சுற்றினாலும் மற்றச் சில்லுக்கும் இழுவை கொடுக்கிற டிபரன்சியல், இருந்தது. அது இந்தக் கட்டில் ஒரு நாளும் நின்றதில்லை. இப்போது எடுத்திருப்பது 2016 டபுள் கெப். சில்லு சறுக்கினால் தானாக அடக்குகிற டிராக்ஷன் கண்ட்ரோல் உண்டு, எல்எஸ்டியும் இல்லை, பின் இரண்டு சில்லையும் ஒன்றாகப் பூட்டுகிற லொக்கும் இல்லை.

போன கிழமை முன் இடது சில்லு தடத்துக்குள் தொங்க, பின் வலது சில்லு நிலத்தை விட்டு எழும்பிவிட்டது. எச் 4 இல்தான் (நான்கு சில்லும் இழுக்கிற, சாதாரண வேக நிலை) போட்டிருந்தேன். மிதித்தால் அந்த இரண்டு சில்லும் சும்மா சுற்றுகிறது, அடியில் கடகடவென்று சத்தம், மீட்டரில் சறுக்குகிற கார் படம் மஞ்சளாக மின்னுகிறது. காலை எடுத்துவிட்டுத் திரும்ப மிதித்தாலும் அதே கதைதான். கடைசியில் மெசின் வந்துதான் இழுத்தது.

பட்டனை அமத்தி டிராக்ஷன் கண்ட்ரோலை நிறுத்திவிட்டு ஓடுவதா, இல்லை பின் அச்சுக்கு எல்எஸ்டி வாங்கிப் போடுவதா? இரண்டும் ஒரே வேலைதான் என்கிறார் மச்சான் ஒருவர். உண்மையா?

கல்லடி வாசி:

நிறுத்திவிட்டு ஓடிப் பாருங்கள் தம்பி. சுரிக்குள் அது எஞ்சினை அடக்கிவிடும். வாகரைப் பக்கம் போனால் நான் எப்போதும் ஓஃப் பண்ணித்தான் ஓட்டுவது.

பின்னச்சு:

கல்லடி அண்ணன் சொல்வது ஒரு இடத்துக்குச் சரி. தம்பி நின்ற இடத்துக்கு அது நேர்மாறு. செங்கலடியில் கராஜ் வைத்து டிபரன்சியல் வேலைதான் அதிகம் செய்கிறேன். இந்தக் கேள்வி மாரி தொடங்கினால் ஒவ்வொரு கிழமையும் வரும், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், நான்கு சில்லு இழுக்கிற வாகனம் ஏன் இரண்டு சில்லைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது? எச் 4 போட்டதும் முன் தண்டும் பின் தண்டும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. அவ்வளவுதான். அச்சுக்குள்ளே இடது வலதைப் பிரிக்கிற டிபரன்சியல் பூட்டப்படுவதில்லை. அது இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சம அளவு முறுக்கு விசைதான் கொடுக்கும். நடுவில் ஒரே ஆணியில் நிற்கிற நுகத்தை நினையுங்கள்: ஒரு மாடு இழுக்காவிட்டால் மற்ற மாடு எவ்வளவு பலசாலியாக இருந்தும் நுகம் சாயுமே தவிர கலப்பை நகராது. எழும்பி நிற்கிற சில்லைச் சுற்ற விசையே தேவையில்லை, அதனால் நிலத்தில் அழுந்தி நிற்கிற சில்லுக்கும் எதுவும் கிடைக்காது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, மூலைக்கு மூலை தொங்கினால் சரி, முடிந்தது.

டிராக்ஷன் கண்ட்ரோல் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. ஒவ்வொரு சில்லிலும் அதன் வேகத்தைப் பார்க்கிற ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் தடுக்கிற சிஸ்டம்) சென்சர் இருக்கிறது. ஒன்று மட்டும் வேகமாகச் சுற்றினால் கம்பியூட்டர் அந்தச் சில்லின் பிரேக்கை மட்டும் பிடிக்கும். நீங்கள் கேட்ட கடகட சத்தம் ஏபிஎஸ் பம்பும் வால்வும் வேலை செய்கிற சத்தம். பழுது இல்லை. படம் மின்னினால் வேலை செய்கிறது என்று அர்த்தம். மின்னாமல் நிலையாக எரிந்தால்தான் யோசிக்க வேண்டும்: அது நிறுத்தப்பட்டிருக்கிறது, இல்லாவிட்டால் எங்கோ சென்சரில் கோளாறு. எங்கள் களி சென்சருக்குள் அடைவது சாதாரணம்.

ஒரு கணக்கு போடுவோம். வழுக்குகிற சில்லு 100 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும் என்றால் மற்றதுக்கும் 100 தான். கம்பியூட்டர் அந்தச் சில்லில் 600 க்கு பிரேக் பிடித்தால் அந்தப் பக்கத்தின் எதிர்ப்பு 700 ஆகிறது. உடனே மற்றப் பக்கத்துக்கும் 700 போகும், வாகனம் நகரும். ஆனால் அச்சுக்கு 1400 கொடுத்தால்தான் நிலத்துக்கு 800 வரும், மீதி 600 பிரேக்கிலேயே சூடாகப் போய்விடும். அதனால்தான் சத்தம் கேட்டதும் காலை எடுக்கக் கூடாது. எல்லாரும் அங்கேதான் எடுக்கிறார்கள். காலை எடுத்ததும் சில்லு நிற்கும், சில்லு நின்றதும் பிரேக் விடும், மிதித்ததும் முதலிலிருந்து தொடங்கும்.

அடுத்த முறை எல் 4 இல் (நான்கு சில்லும் இழுக்க, வேகம் குறைந்து விசை கூடுகிற நிலை) போட்டு, முதலாம் கியரில், 1500 – 2000 சுற்றில் அக்சிலேற்றரை ஆட்டாமல் அப்படியே பிடியுங்கள். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு மெல்லப் பிடித்து ஏறும். நீண்ட நேரம் பிடித்தால் பிரேக் சூடேறி, அது தானாகவே வேலையை நிறுத்திவிடும். அப்போது கொஞ்சம் ஆறவிடுங்கள்.

இந்த வேலைக்குப் புதிதாகப் பெரிய சாமான் ஒன்றும் தேவைப்படவில்லை. 1978 இல் போஷ் கொண்டுவந்த ஏபிஎஸ்ஸில் சென்சரும் வால்வும் பம்பும் ஏற்கனவே இருந்தன. அதையே கொஞ்சம் வளர்த்து 1986 இல் டிராக்ஷன் கண்ட்ரோல் ஆக்கினார்கள். கம்பனிகள் எல்எஸ்டியைக் கழற்றிவிட்டு இதைப் போட அதுவும் ஒரு காரணம்.

நிறுத்த வேண்டிய இடம் எது? நான்கு சில்லும் ஒரே மாதிரி வழுக்குகிற ஆழச் சுரி, மணல். அங்கே பிடிப்புள்ள சில்லு என்று ஒன்றில்லை, விசையை மாற்ற இடமும் இல்லை. ஓட்டம்தான் வாகனத்தைக் கொண்டுபோகும். எஞ்சினை அடக்கினால் நின்றுவிடும். கல்லடி அண்ணன் ஓஃப் பண்ணுவது அதற்குச் சரி. பல கெப்களில் எல் 4 போட்டாலே எஞ்சினை அடக்குவது குறைந்து, பிரேக் பிடிப்பது மட்டும் தொடரும்.

இனி எல்எஸ்டி. இது 1956 இலேயே பக்கார்ட் காரில் வந்துவிட்டது. தட்டு வகை என்றால் உள்ளே உராய்வுத் தட்டுகளும், அவற்றை அமத்துகிற ஸ்பிரிங்கும் இருக்கும். ஒரு சில்லு தொங்கினாலும் அந்த அமத்தல் அளவுக்கு மற்றச் சில்லு இழுக்கும். உங்கள் பழைய ஹைலக்ஸ் தாண்டியது இதனால். பல்சக்கர வகை வேறு. அது குறைந்த பக்கத்தின் விசையைப் பெருக்கிக் கொடுக்கும், சுமார் மூன்று மடங்கு என்று வையுங்கள். ஒரு பக்கம் 100 என்றால் மறுபக்கம் 300. ஆனால் சில்லு ஆகாயத்தில் நின்றால் ஒரு பக்கம் பூச்சியம், மூன்று மடங்கு போட்டாலும் பூச்சியம்தான். அப்போது ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துக்கொண்டு மிதித்தால் அதற்கும் பிடி கிடைக்கும்.

ஆகவே மச்சான் சொல்வது பாதி சரி. தடுக்கிற குறை ஒன்று, தடுக்கிற விதம் வேறு. எல்எஸ்டி சில்லு சுற்றத் தொடங்கும்போதே வேலை செய்யும். டிராக்ஷன் கண்ட்ரோல் சுற்றிய பிறகுதான் செய்யும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் எல்எஸ்டிக்குக் காசு போடமாட்டேன். தட்டு தேயும், தேய்ந்தால் வெறும் டிபரன்சியல்தான். வெறும் பெட்டியோடு மழையில் செங்கலடி – பதுளை றோட்டில் வளைவில் மிதித்தால் பின் சில்லு இரண்டும் ஒன்றாக வழுக்கி வால் ஒதுங்கும். அந்தக் காசை நல்ல மட் டயருக்குப் போடுங்கள். பின் அச்சுக்கு மேலே இரண்டு மூட்டை பசளை ஏற்றிப் போனாலே பெரிய வித்தியாசம் தெரியும். அதுவும் போதாவிட்டால் முழுதாகப் பூட்டுகிற லொக் போடலாம், எல்எஸ்டி அல்ல.

தம்பிலுவில் கரை:

பின்னச்சு அண்ணன் மணலைத் தொட்டதால் ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் இங்கே கடற்கரையில் தோணி இழுக்க கெப் இறக்குவோம். மணலில் எந்த சிஸ்டத்தையும் விட டயர் காற்றுத்தான் முக்கியம். 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் நீளமாகப் படிந்து மேலாலே போகும். றோட்டுக்கு ஏறினதும் காற்று அடிக்க வேண்டும், அந்த நிலையில் அக்கரைப்பற்றுவரை ஓடினால் டயர் போய்விடும். தார் றோட்டில் எச் 2 க்கு (பின் சில்லு மட்டும் இழுக்கிற நிலை) மாற்றவும் மறக்க வேண்டாம்.

படுவான்கரையான்:

அண்ணன், விளங்கிவிட்டது. எல் 4 இல் ஆட்டாமல் பிடித்துப் பார்க்கிறேன். இன்னொன்று: அந்தப் பழைய ஹைலக்ஸ் இப்போது சித்தப்பாவிடம் இருக்கிறது. ஒரு கராஜில் பின் ஒயில் மாற்றிய பிறகு வளைக்கும்போது பின்னால் நறநறவென்று அதிர்கிறதாம். எல்எஸ்டி போய்விட்டதா?

பின்னச்சு:

முதலில் ஒயிலைச் சந்தேகப்படுங்கள். தட்டு வகைக்கு எல்எஸ்டி என்று எழுதிய ஒயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரண கியர் ஒயில் ஊற்றினால் வளைவில் தட்டுகள் வழுக்காமல் ஒட்டி ஒட்டி விடும், அதுதான் அதிர்வு. வடித்துவிட்டு சரியான ஒயில் ஊற்றி, ஒரு மைதானத்தில் எட்டுப் போல மெதுவாக இரண்டு பக்கமும் வளைத்து ஓடச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரியாகும்.

தட்டு தேய்ந்ததா என்று பார்க்க முன் சில்லுக்குக் கட்டை வைத்து, பின் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி ஒரு சில்லைக் கையால் சுழற்றுங்கள். அசைப்பதே கஷ்டம் என்றால் தட்டு நல்லது. இலகுவாகச் சுழன்று மறுசில்லு எதிர்ப் பக்கம் போனால் தேய்ந்துவிட்டது.

ஒரு சில்லை மட்டும் ஜாக்கில் தூக்கி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கியர் போட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். எல்எஸ்டி உள்ள வாகனம் நிலத்தில் நிற்கிற சில்லால் இழுத்து ஜாக்கை விட்டு இறங்கி ஓடிவிடும்.