ஓப்பன் டி-யில் 6ஆவது தந்தி இரைகிறது: தடித் தந்தியா, ட்ரஸ் ராடா?

நடிகர் ஹியூ லாரியின் முதல் ஆல்பமான ‘லெட் தெம் டாக்’கில் (2011) வரும் ‘போலீஸ் டாக் ப்ளூஸ்’ வாசிக்க உதவி தேவை. மூலப் பாடல் அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பிளைண்ட் பிளேக்குடையது, 1929. அதையும் கேளுங்க, கட்டைவிரல் வேலை அதில்தான் தெளிவு.

இதற்காக ஓப்பன் டி-க்கு (வெறும் தந்திகளை மீட்டினாலே டி மேஜர் கார்ட் வரும் ட்யூனிங்) 1, 2, 6 தந்திகளை முழு டோனும் 3ஆவதை அரை டோனும் இறக்கியாச்சு. 4, 5 அப்படியே. அகௌஸ்டிக் கிட்டார், 11 செட் (மிக மெல்லிய தந்தி 0.011 அங்குலம்). இழுவிசை குறைந்து கழுத்து நிமிர்ந்துவிட்டது போல: முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, 14இல் அழுத்திப் பார்த்தால் 7ஆவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடைவெளி 0.1 மி.மீ.தான். 0.25 இருக்கணும். முதல் மூன்று ஃப்ரெட்டில் ஒரே இரைச்சல்.

ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) கால் சுற்று தளர்த்தினால் போதுமா, தடித்த 13 செட் மாட்டணுமா? 13 போட்டபின் சாதாரண ட்யூனிங்குக்குத் திரும்பினால் பிரிட்ஜ் (உடலில் தந்திகளைப் பிடித்திருக்கும் பகுதி) தாங்குமா? 3ஆவது தந்தியை எவ்வளவு தாழ்த்தி வைக்கிறீங்க? ட்யூனர் காட்டும் இடத்தில் அது காதுக்கு உறுத்துகிறது.