பூஜ்யத்துக்குக் கீழே சென்றதும் டிஎஸ்18பி20 உணரி 4,000 டிகிரிக்கு மேல் காட்டுகிறது

கேள்வி:
உறைபெட்டியின் வெப்பநிலையைக் கண்காணிக்க டிஎஸ்18பி20 உணரியை இஎஸ்பி32 என்ற நுண்கட்டுப்பாட்டுப் பலகையுடன் இணைத்துள்ளேன். பூஜ்யத்துக்கு மேல் அளவீடு சரியாகவே உள்ளது. மைனஸில் இறங்கியதும் 4095.5, 4085.875 போன்ற எண்கள் வருகின்றன. உணரி அனுப்பும் இரண்டு பைட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, சாதாரண முழு எண் மாறியில் வைத்து, 0.0625-ஆல் பெருக்குகிறேன். இதே நிரல் ஆர்டுயினோ ஊனோ பலகையில் மைனஸ் அளவுகளையும் சரியாகக் காட்டியது. உணரி பழுதாகிவிட்டதா?

பதில் 1:
உணரியில் பழுது இல்லை. நீங்கள் கொடுத்த எண்களிலிருந்து 4096-ஐக் கழித்துப் பாருங்கள்: -0.5, -10.125 என்று உண்மையான வெப்பநிலையே கிடைக்கும். இந்த உணரி வெப்பநிலையை 16 பிட் அளவில், டூஸ் காம்ப்ளிமென்ட் முறையில் (மைனஸ் எண்ணை 65536-உடன் கூட்டி, மேல் பிட் 1 ஆக வரும்படி எழுதும் முறை) அனுப்புகிறது. ஊனோவில் சாதாரண முழு எண்ணும் 16 பிட்தான் என்பதால் மேல் பிட் தானாகவே மைனஸ் குறியாகிவிடுகிறது; இஎஸ்பி32-இல் அது 32 பிட் என்பதால், -8 ஆக (அதாவது -0.5 டிகிரியாக) இருக்க வேண்டிய மதிப்பு 65528 என்ற நேர் எண்ணாகவே நின்றுவிடுகிறது. ஆகவே பைட்டுகளைச் சேர்த்ததும், பெருக்குவதற்கு முன்பாகவே, குறியுள்ள 16 பிட் முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். 4096-ஐக் கழிக்கும் வரியை நிரலில் சேர்க்க வேண்டாம். விடை சரியாக வந்தாலும் பிழையின் வேர் அங்கேயே இருக்கும்.

பதில் 2:
மேற்சொன்னது சரி. திரையில் காட்டும்போதும் கவனம் தேவை. முழு எண் பகுதியையும் பின்னப் பகுதியையும் தனித்தனியாக அச்சிட்டால், -0.5-இன் முழு எண் பகுதி வெறும் 0 ஆகி, மைனஸ் குறி தொலைந்து, 0.5 என்று தெரியும். பனி உருகுகிறதா, உறைகிறதா என்று அறிய வேண்டிய எல்லையிலேயே இந்தப் பிழை நிகழ்வதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறியை முதலில் அச்சிட்டுவிட்டு, பிறகு எண்ணின் தனி மதிப்பைப் பிரித்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
16 பிட்டுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. இன்னொரு பெட்டியில் டிஹெச்டி22 என்ற வேறு வகை உணரி உள்ளது. அதற்கும் இதே மாற்றம் போதுமா?

பதில் 1:
போதாது. டிஹெச்டி22-இன் தரவுக் குறிப்பின்படி மேல் பிட் குறியை மட்டுமே சொல்கிறது. மீதி 15 பிட்டுகள் வெப்பநிலையின் பத்து மடங்கு. -10.1 டிகிரிக்கு அது 32869 என்று அனுப்பும். மேல் பிட்டை நீக்கினால் 101. அதைப் பத்தால் வகுத்து மைனஸ் குறியிட வேண்டும். டிஎஸ்18பி20-க்கு எழுதிய மாற்றத்தை இதற்கும் பயன்படுத்தினால், பத்தால் வகுத்தாலும் -3266.7 என்றுதான் வரும்.