போரைப் பற்றி யாரோடெல்லாம் மல்லுக்கு நின்றிருக்கிறீர்கள்? (அனுபவத் திரி)

மேலூர்க்காரன்

டீக்கடையில் உட்கார்ந்து அமெரிக்காவைத் திட்டுவது சுலபம். எதிரில் இருப்பவரும் தலையாட்டத்தான் போகிறார். அந்தப் படையிலேயே இருந்தவரிடமோ, குண்டு விழுந்த ஊர்க்காரரிடமோ நேருக்கு நேர் வாதாடிய அனுபவம் இருந்தால் இங்கே எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

சான் அன்டோனியோவில் வேலை பார்த்தபோது எங்கள் டீமில் ஒருவர் இருந்தார். இராக்கில் தரைப்படையில் இருந்துவிட்டு வந்து கம்ப்யூட்டர் படித்தவர். ஊரைச் சுற்றிப் படைமுகாம்கள் என்பதால் அங்கே இது சகஜம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு 2003 இராக் போருக்குப் போனது. நான் மனப்பாடமாக வைத்திருந்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். 2003 பிப்ரவரி 5 அன்று உங்கள் வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் படம் போட்டுக் காட்டிய பேரழிவு ஆயுதம் எங்கே? இதே சதாமை 1983 டிசம்பரில், பின்னால் 2003 போரை நடத்திய பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட்தானே பாக்தாத் போய்க் கைகுலுக்கிவிட்டு வரவில்லையா?

மனிதர் எதையும் மறுக்கவில்லை. "ஆயுதம் இல்லைங்கிறது உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "1971ல உங்க ராணுவம் கிழக்கு பாகிஸ்தானுக்குள்ள போச்சே, ஐ.நா. அனுமதி வாங்கிட்டா போச்சு?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள், டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான்தான் நம் விமானத்தளங்கள் மேல் முதலில் குண்டு போட்டது, உங்கள் நிக்சன் நம்மை மிரட்ட எண்டர்பிரைஸ் போர்க்கப்பலையே வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார் என்று அடுக்கினேன். "16ஆம் தேதி டாக்காவில் சண்டை முடிஞ்சுது. 1972 மார்ச்சில் நம்ம படை ஊர் திரும்பிடுச்சு" என்றும் சொன்னேன்.

"அதான். திரும்பிப் போனீங்க. நாங்க உட்கார்ந்துட்டோம். 2003 மே மாசம் இராக் ராணுவத்தையே கலைச்சு, சம்பளம் இல்லாம ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பினோம். அவங்களுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியும்கிறதை யாரும் யோசிக்கலை" என்றார். அவரைப் பொறுத்தவரை நுழைந்தது குற்றமில்லை, நிர்வாகம்தான் குற்றம். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பொய் சொல்லி ஒரு நாட்டுக்குள் போனால், போன பிறகு எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் அது கொள்ளைதான். காரணம் சுத்தமாக இருந்த சண்டை ஒன்றைச் சொல்லு பார்ப்போம் என்றார். நான் திரும்பவும் 1971 என்றேன். சிரித்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரம் மறுபடி தொடங்கினோம், அது தனிக் கதை.

சால்மியா

நான் குவைத்துல சால்மியா ஏரியாவுல ஒரு துணிக்கடையில இருந்தவன். 1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. காலையில கடைத்தெருவுல இராக் டாங்கி நிக்குது.

அந்த மாசக் கடைசியில ஒரு இராக் சிப்பாய் கடைக்கு வந்தான். முப்பது வயசு இருக்கும். தண்ணி கேட்டான், கொடுத்தேன். ஈரான் சண்டையில கிடந்துட்டு வந்து நிம்மதியாத் தூங்கக்கூட இல்லையாம். எனக்குத் தெரிஞ்ச அரபில, "எதுக்கு வந்தீங்க?"ன்னு கேட்டுட்டேன். கேட்ட அப்புறந்தான் பயம் வந்துச்சு. "குவைத் எங்களோட பத்தொன்பதாவது மாகாணம்னு ரேடியோவுல சொல்றான்"னு சொல்லிட்டு அவனே சிரிச்சான். பிறகு இடுப்பு உயரத்துக்குக் கையை வச்சுக் காட்டினான். மகளுக்குக் கவுன் வேணும். ரோஸ் கலர் ஒண்ணு, மஞ்சக் கலர் ஒண்ணு எடுத்தான். மஞ்சளை மட்டும் திருப்பி மாட்டி வச்சான். காசு கொடுக்கலை. சல்யூட் அடிச்சுட்டுப் போனான்.

அப்புறம் பஸ்ரா, பாக்தாத் வழியா பஸ்ஸுல ஜோர்டான் எல்லை. பாலைவனத்துல கூடாரம், ரொட்டிக்கு லைன், தண்ணி லாரிக்கு அடிதடி. அம்மானிலிருந்து ஏர் இந்தியா பம்பாய்ல கொண்டுவந்து இறக்கினான். அந்த ரெண்டு மாசத்துல லட்சத்துக்கும் மேல ஆளுங்களை அப்படி ஏத்திட்டு வந்தாங்க. நாம செஞ்ச உருப்படியான காரியங்கள்ல அது ஒண்ணு.

இனிமேதான் வாதம். ஊருக்கு வந்தா, ராமநாதபுரம் பக்கம் டீக்கடைச் செவுத்துல சதாம் படம்! 91ல பிறந்த பயலுகளுக்கு அந்தப் பேரே வச்சாங்க, எங்க தெருவுலயே ஒருத்தன் உண்டு, தங்கமான பையன். கடையில ஒரு தம்பி, "அமெரிக்காக்காரன் எண்ணெய்க்காக வர்றான், சதாம்தான் ஆம்பளை"ன்னான். "ஆமாப்பா, அவன் எண்ணெய்க்குத்தான் வர்றான். சதாம் எதுக்கு வந்தாரு, தர்காவுக்குக் கந்தூரி கும்பிடவா? என் பேங்க் பாஸ்புக்குப் போச்சு, நீ வந்து தர்றியா?"ன்னு கேட்டேன். கடைக்காரர் நடுவுல வந்து கிளாஸை வாங்கி வச்சுட்டாரு.

என் கணக்கு ரொம்பச் சின்னது. 1991ல வீட்டுக்காரன் உதவி கேட்டான், ஐ.நா.வும் தீர்மானம் போட்டுச்சு, அதனால அந்தச் சண்டை சரி. 2003ல யாரும் கூப்பிடலை, அது தப்பு. அதுக்காக 91ல நடந்த எல்லாத்துக்கும் வக்காலத்து வாங்கமாட்டேன். பாக்தாத்ல அமிரியா பதுங்கிடத்துல பிப்ரவரி 13 அன்னைக்குக் குண்டு போட்டு 400க்கும் மேல செத்தாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் பிள்ளைங்களும். சண்டை சரிதான், இது அக்கிரமம். ரெண்டையும் சேர்த்துச் சொன்னா டீக்கடையில எவனும் கேக்கமாட்டான்.

நூலகன்

சால்மியா ஐயா சொன்னதற்கும் 2003க்கும் நடுவில் இராக் மேல் ஐ.நா. போட்ட பன்னிரண்டு வருடப் பொருளாதாரத் தடை இருந்தது. யாரும் அதைப் பேசுவதில்லை. 1996இல், அப்போது ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட்டிடம் தொலைக்காட்சிப் பேட்டியில், ஐந்து லட்சம் குழந்தைகள் செத்ததாகச் சொல்கிறார்களே, இந்த விலை தகுமா என்று கேட்டார்கள். தகும் என்றே நினைக்கிறோம் என்றார். ஒரு மேற்கத்திய நண்பரிடம் இதைச் சொன்னேன். அந்த எண்ணிக்கையே சதாம் அரசு கைவைத்த கணக்கெடுப்பு, பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் தவறு என்று காட்டிவிட்டன என்று அவர் ஆதாரத்தோடு மடக்கினார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் ஆல்பிரைட் எண்ணை மறுக்கவில்லையே, எண்ணை ஏற்றுக்கொண்டுதானே தகும் என்றார்? இதற்கு அவரிடம் பதில் வரவில்லை. தடைக்காலத்தில் இராக்கில் நிவாரணத் திட்டத்தை நடத்திய ஐ.நா. அதிகாரிகள் இருவர், டெனிஸ் ஹாலிடே 1998இலும் வான் ஸ்போனெக் 2000இலும் பதவியை விட்டே போனார்கள். எண் எதுவானாலும் உள்ளே இருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

பனிக்காடு

நான் ஸ்வீடனில் இருக்கிறேன். வந்த புதிதில் அரசாங்க மொழி வகுப்புக்குப் போனேன். பக்கத்து மேசையில் ஹலப்ஜா பக்கத்துக் குர்து அக்கா ஒருவர். அவருக்குப் பின்னால் பாக்தாத் அதமியா பகுதிக்காரர் ஒருவர். ஒருநாள் டீச்சர், உங்கள் வாழ்வில் முக்கியமான ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றார். நான் கல்யாண நாளைச் சொன்னேன். அக்கா, 2003 ஏப்ரல் 9 என்றார். பாக்தாத் விழுந்த நாள். வீட்டில் இனிப்பு கொடுத்தார்களாம்.

பாக்தாத்காரர் அரபியில் ஏதோ கத்தினார். அக்கா அரபியில் பதில் சொல்ல மறுத்துவிட்டார். ஆகவே முழுச் சண்டையும் ஸ்வீடிஷில். எங்களுக்கு அதுவரை தெரிந்தது ரொட்டி, பஸ், பல்வலி இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு போரை வாதாடினார்கள். "1988 மார்ச். விமானம். ஆப்பிள் வாசனை. அப்புறம் எல்லாரும் படுத்துட்டாங்க" என்றார் அக்கா. சதாமின் விஷவாயுவில் அன்று இறந்தவர்கள் சுமார் 5,000 பேர். பாக்தாத்காரர், "என் தம்பி. 2006. காலையில் வேலைக்குப் போனான். சதாம் இல்லை அப்போ. யார் கொன்னது?" என்று கேட்டார். சாமர்ராவில் ஷியா பள்ளிவாசலைத் தகர்த்த பிறகு ஷியா, சுன்னி என்று பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்ட வருடம் அது. டீச்சர் பாவம், இறந்தகால வினைச்சொல்லை மட்டும் திருத்திக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் நான் நம் ஊர் வழக்கப்படி, "அமெரிக்கா எண்ணெய்க்காகத்தானே வந்தது அக்கா?" என்றேன். முறைத்தார். "வாயு போட்டப்போ அமெரிக்கா அவன் பக்கம்தான் இருந்தது, எனக்குத் தெரியாதா? 1975லேயே எங்களை ஈரான் ஷாவுக்காகக் கைவிட்டாங்க. 91ல சதாமுக்கு எதிரா எழுந்து நில்லுங்கன்னு அப்பா புஷ் சொன்னார், எழுந்தோம், வேடிக்கை பார்த்தாங்க. அப்புறம் வடக்கே விமானம் பறக்கக்கூடாதுன்னு தடுத்தாங்க. அதனாலதான் நான் உயிரோட இருக்கேன். இதுல எதை மறந்துட்டு நான் உன்கிட்ட பேசணும்?" என்றார். அதற்குப் பிறகு இராக் பேச்சு வந்தால் நான் முதலில் யார் எந்த ஊர் என்று கேட்டுவிடுவேன்.

அடுப்படி

நான் அமெரிக்கன் பேஸ்ல சமையல்ல இருந்தவன், இராக்குல பலாத்ங்கிற ஊரு. குவைத்துல ஓட்டல் வேலைன்னு சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினான். இறங்கினதும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டானுங்க. 2004ல மூணு இந்திய டிரைவர்களைக் கடத்தின பிறகு இராக்குக்குப் போகக்கூடாதுன்னு நம்ம அரசாங்கம் தடை போட்டிருந்துச்சு. ஆனா ஆளு போய்க்கிட்டேதான் இருந்துச்சு.

மெஸ்ஸுல அவங்களுக்கு ஸ்டீக்கு, ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு. எங்களுக்குத் தனியா சோறும் பருப்பும். ஒரு சின்னப் பையன், ஒஹையோக்காரன், எங்க பருப்புக்கு அலைவான், மிளகா வேணும் அவனுக்கு. "நீ ஏன் இங்க வந்தே?"ன்னான். சம்பளம்னேன். "நானும் காலேஜ் ஃபீஸுக்குத்தான், நாம ரெண்டு பேரும் ஒண்ணு"ன்னான். அது எப்படி ஒண்ணாகும்? மார்ட்டர் விழுந்து அவன் செத்தா கொடி போத்தி அனுப்புவாங்க, பேப்பர்ல பேர் வரும். 2004 ஆகஸ்ட்டுல 12 நேபாளிங்களைப் பிடிச்சுக் கொன்னாங்களே, அவங்க எந்தப் படையோட இழப்புக் கணக்குல வந்தாங்க? இதை அவன்கிட்டயே கேட்டேன். ரொம்ப நேரம் தட்டைப் பாத்துட்டு, "வராது, தெரியும்"னான். மறுநாளும் பருப்புக்கு வந்தான், போட்டேன்.

கொடிகாமம்

லண்டனில இருக்கிறன். 2003 பிப்ரவரி 15, இராக் போர் வேண்டாம் எண்ட ஊர்வலத்தில நானும் நடந்தனான், ஹைட் பார்க் வரைக்கும் நல்ல குளிர். லட்சக்கணக்கில சனம். அடுத்த மாதம் ராபின் குக் மந்திரிப் பதவியை விட்டார். பிரதமர் பிளேயர் கேட்கேல்லை. சரி.

2009 ஏப்ரலில பார்லிமெண்ட் சதுக்கத்தில திரும்பவும் நிண்டன். இந்த முறை, இலங்கைப் போரில பிரிட்டன் தலையிட வேணும் எண்டு. என்னோட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெடியன், 2003இல என்னோட நடந்தவன், "அப்ப வேண்டாம் எண்டனீ, இப்ப வா எண்டுறாய், என்ன ஞாயம்?" எண்டு கேட்டான். நான் சொன்னன், ரெண்டும் சரிதான். 2003இல இராக்கில அந்தக் கிழமை கொலை நடந்துகொண்டிருக்கேல்லை, ஹலப்ஜா நடந்து பதினைஞ்சு வருசம். எங்கட சனம் முள்ளிவாய்க்காலில அண்டைக்கு, அந்த மணித்தியாலம் செத்துக்கொண்டிருந்தது. 40,000 வரைக்கும் செத்திருக்கலாம் எண்டு ஐ.நா. நிபுணர் குழு பிறகு சொன்னது. ஓடிற ரத்தத்தை நிப்பாட்டுறதும் பழைய கணக்கைத் தீர்க்கிறதும் ஒண்டில்லை.

மேலூர்க்காரத் தம்பி 1971 எண்டு பெருமையாச் சொல்லுறார். எங்களுக்கு இந்தியப் படை எண்டால் 1987. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ள பூந்து சனத்தைச் சுட்டவை, தீபாவளி அண்டு. உங்கட அமெரிக்கச் சிநேகிதன் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்?

மேலூர்க்காரன்

பதில் இல்லை அண்ணே. 1987இல் இலங்கைக்குப் போன நம் அமைதிப்படையின் 1,100க்கும் மேற்பட்ட ஜவான்களின் சாவையும் சேர்த்தே சொல்கிறேன், அந்தப் படையை அனுப்பியதற்கு என்னிடம் நியாயம் இல்லை. ஆனால் ஒன்று. மேற்கு நாடுகள் 2009இல் உங்களுக்கு என்ன கிழித்தன?

கொடிகாமம்

பெரிசா ஒண்டுமில்லை. பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி மிலிபாண்டும் பிரெஞ்சு வெளியுறவு மந்திரி குஷ்நேரும் கொழும்புக்குப் போய் வெறுங்கையோட வந்தவை. ஆனா 2009 மே 27 ஜெனிவாவில, ஐ.நா. மனித உரிமை அவையில நடந்த வாக்கெடுப்பைப் பாருங்கோ. இலங்கையைப் புகழ்ந்து வந்த தீர்மானத்துக்கு 29 நாடு ஆதரவு, அதில இந்தியா, சீனா, கியூபா, பாகிஸ்தான் எல்லாம் ஒரே பக்கம். எதிர்த்துக் கைதூக்கின 12இல பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி. ஏகாதிபத்தியம் எண்டு எழுதிற தோழர்மார் இந்தக் கணக்கைச் சொல்லுறதில்லை.

நூலகன்

சொல்கிறேன். கூடவே லிபியாவையும் சொல்லுங்கள். 2011 மார்ச்சில் மக்களைக் காப்பாற்ற என்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் 1973ஆம் எண் தீர்மானம் போட்டார்கள். பெங்காசியைக் காப்பாற்றினார்கள், பிறகு கடாஃபியை வீழ்த்தும் வரை நிறுத்தவில்லை. நாடு இன்றும் இரண்டாகக் கிடக்கிறது. நீங்கள் கேட்டபடி அவர்கள் வந்திருந்தால் வன்னிக்கும் அதுதானே?

கொடிகாமம்

குண்டு போடச் சொல்லி ஆர் கேட்டது? செஞ்சிலுவைச் சங்கத்தின்ர ஒரு கப்பல் புதுமாத்தளனில இருந்து காயக்காரரை ஏத்திக்கொண்டு திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. புல்மோட்டையில இந்திய வைத்தியர்மார்தான் பாத்தவை, அதுக்கு நன்றி சொல்லுவன். மே மாதம் ரெண்டாம் கிழமையோட அந்தக் கப்பலும் கரைக்கு வர ஏலாமல் போச்சுது. நாங்கள் சதுக்கத்தில நிண்டு கேட்டது போர்நிறுத்தமும், உந்தக் கப்பல் மாதிரி இன்னும் கொஞ்சமும். அதுக்கு எந்த 1973ஆம் தீர்மானமும் தேவையில்லை.